ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

கண்ணாடியை மாட்டியதும் அறை பாதி காணாமல் போய்விட்டது. கண்ணை ஒட்டிப் பிடிக்கிற அடர்பச்சைக் கண்ணாடி, அதற்குள்ளிருந்து பார்த்தால் ஸ்டெல்லா சிஸ்டரின் வெள்ளைக் கோட்டு தண்ணீருக்கடியில் கிடக்கிற துணி போலத் தெரிந்தது. "கையை நீட்டுங்க" என்றார். வலது கையை நீட்டினேன், உள்ளங்கை மேலே பார்க்க. இந்தக் கையை இப்படி மல்லாத்திக் காட்டி எத்தனை காலம் ஆயிற்று. கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கேயும் கவிழ்ந்தே இருக்கும், இல்லாவிட்டால் முந்தானைக்குள் இருக்கும். சிஸ்டர் அதில் எண்ணெய் மாதிரி எதையோ தடவினார், சில்லென்றிருந்தது. "செதில் தடிப்பா இருக்கில்ல, இதைப் போட்டாத்தான் வெளிச்சம் உள்ள இறங்கும்" என்றார். உள்ளே இறங்கும். எவ்வளவு உள்ளே. கேட்க வாயெடுத்தேன், அதற்குள் மெஷின் உறும ஆரம்பித்துவிட்டது, பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு சத்தம். "சூடு தாங்கலேன்னா உடனே சொல்லணும், என்ன கோகிலவாணி." சரிங்க என்றேன். சரிங்க என்பது எனக்கு சுலபமாக வரும். இல்லீங்க என்பதும் சுலபமாகத்தான் வந்தது, கொஞ்ச நேரம் முன்னால், என் வீட்டுக்காரரை வெளியே அனுப்புவதற்கு முன். சிஸ்டர் கேட்டுக்கொண்டே போனார், நான் சொல்லிக்கொண்டே போனேன். சர்க்கரை இருக்குங்களா, இல்லீங்க. வெயில் பட்டா தடிச்சுப் போகுமா, இல்லீங்க. மாசமா இருக்கீங்களா, இல்லீங்க. மூன்றும் ஒரே குரலில். மூன்றாவதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் கதவோரம் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஏழு வருஷமாக என்ன பதில் என்பது அவருக்கும் தெரியும், அதனால்தான் குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இல்லீங்க என்று வந்துவிட்டது.

டக், டக் என்று பேனா மூடியைத் தட்டுகிற மாதிரி உள்ளங்கையில் ஏதோ பட்டது. பட்ட இடத்தில் இளஞ்சூடு. இது இல்லை, இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். லேசர் என்றால் இரும்பை அறுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற பட்டறையில் ஒரு மெஷின் தகட்டை வெண்ணெய் மாதிரி வெட்டுமாம், வந்த புதிதில் ஆசையாகச் சொன்னார். கண்ணை இறுக்கி மூடினேன். மூடினாலும் பச்சை போகவில்லை. வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா தன் முழங்காலைக் காட்டி, வெந்துபோன மாதிரி சிவந்து ஒரு வாரம் எரிந்தது கண்ணு, அப்புறம் சரியாயிருச்சு என்றார். சரியாயிருச்சு என்பதை விட்டுவிட்டு வெந்துபோன என்பதை மட்டும் என் மனசு எடுத்து வைத்துக்கொண்டது. வெந்தால் வேகட்டும். இந்தத் தோலுக்கு இன்னும் என்ன. பட்டுப் பிரிவில் நின்ற காலத்தில் இதே வலது கைதான் புடவையை உதறி விரித்துக் காட்டும். ஒரு வீச்சில் முந்தி முழுக்க மேசைமேல் பரவி நிற்கும், அதற்காகவே என்னைக் கூப்பிடுகிற வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். அன்றைக்குக் கல்யாணப்பெண்ணோடு அவள் அம்மா, சித்தி, அத்தை என்று ஒரு கூட்டம். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை. நான் தடவிக் காட்டினேன், சர்ர் என்றது. வெடித்த தோலில் இழை மாட்டிக்கொண்டது. இழுத்தால் புடவை போகும், இழுக்காவிட்டால் கை தெரியும். நான் அப்படியே நின்றேன். பெண்ணின் அம்மா என் கையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், அப்புறம் மெதுவாக, "வேற எடுங்க, வேற ஆளை எடுக்கச் சொல்லுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் நைட்டிப் பிரிவில். சூப்பர்வைசர் சொன்னது, "பருத்தியில மாட்டாதும்மா." அவர் சொன்னது சரிதான், பருத்தியில் மாட்டவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் சிஸ்டர். "பரவால்லீங்க." "பயப்படாதீங்க, கையை அசைக்காதீங்க, ஒரே இடத்துல வச்சாத்தான் நான் குறி பார்க்க முடியும்." தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உறை போட்ட கைதான், ஆனாலும் பிடித்தார். அப்போது குமட்டியது. எண்ணெய் வாசனையாலா என்று யோசித்தேன், அதில் வாசனையே இல்லை. இந்தக் குமட்டல் எனக்குப் பழக்கமானது. பட்டுப் பிரிவை விட்டு வந்த பிறகு இந்தத் தோலுக்காக வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று இருந்தது. மஞ்சளாக, பொட்டு மாதிரி சின்னது. ஞாயிறு சாப்பிட்டால் திங்கள் முழுக்கப் புரட்டும். வீட்டில் திங்கட்கிழமைக்குப் புளிச்சாறு வைப்பது என்றே ஆகிவிட்டது. ஆனால் அதைச் சாப்பிட்ட வரைக்கும் கை கையாக இருந்தது. பிள்ளை வேணும் டாக்டர் என்று ஆடி பிறக்கிறதுக்கு முன்னால் போய்ச் சொன்னபோது டாக்டர் நளாயினி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "அப்படீன்னா இந்த மாத்திரையை இன்னையோட நிறுத்தணும். நிறுத்தி மூணு மாசம் பத்திரமா இருக்கணும். உடம்பைவிட்டு முழுசாப் போகணும். இந்த மாத்திரை கருவுக்கு ஆகாது, விளையாட்டு இல்ல." நிறுத்தினேன். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் உள்ளங்கை பழையபடி வெடித்தது, பாதம் அதைவிட மோசம், நைட்டிக் குவியல்களுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் செருப்பில் ரத்தம் ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு ஆசைப்பட்டால் இந்த மாத்திரை ஆகாது, லேசர் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதனால் லேசர். இன்றைக்குப் புதன்கிழமை. மாத்திரை சாப்பிட்டு எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. பிறகு இந்தக் குமட்டல் எங்கிருந்து வருகிறது. போன வாரமும் வந்தது, பஸ்ஸில் டீசல் நாற்றம் என்று நினைத்தேன். நேற்று காலையில் பல் தேய்க்கும்போது வந்தது, வெறும் வயிறு என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நாள் தள்ளிப்போனதற்கும் கண்டுபிடித்தேன், மாத்திரை நிறுத்தினால் மாறத்தான் செய்யும் என்று. மாறத்தான் செய்யும். யார் சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை, நானேதான்.

"அடுத்த கை." இடது கையை நீட்டினேன். இடது கையில் விரல் இடுக்குகளிலும் உண்டு, அதனால் சிஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிடித்தார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் பிரித்தார், விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். சதுர்த்தி அன்றைக்குக் கொழுக்கட்டைக்கு மாவு பிசையப் போனேன், அத்தை என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "வேண்டாங்கண்ணு, வெந்நி பட்டா எரியும், நான் பிசைஞ்சுக்கறேன்." எரியும் என்பதற்காகச் சொன்னாரா, அந்த மாவை நாலு பேர் சாப்பிடவேண்டும் என்பதற்காகச் சொன்னாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. என் மாமியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். மறுநாள் அத்தை ஊருக்குப் போனார். நான் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் பிளாஸ்டிக் கவருக்குள் விட்டுக்கொண்டு, களிம்பு ஊறுவதற்காக, சும்மா அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். கவரைக் கழற்றினார். காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துணியால் துடைத்தார், அப்புறம் கை, ஒவ்வொரு விரலாக. "மாமா, வேண்டாம், உங்க சட்டையெல்லாம் களிம்பு" என்றேன். "சட்டைதான, தொவைச்சாப் போவுது" என்றார். கை மறுபடி வெடித்ததிலிருந்து நான் அவரை இந்தக் கையால் தொட்டதில்லை, தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவேன், தோல் கீறிவிடும் என்று. அன்றைக்குத் தொட்டேன். மூன்று மாசம் பத்திரமாக இருக்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும், அன்றைக்கு இரண்டு பேருக்கும் அது ஞாபகத்தில் இருந்தது, இருந்தும் இல்லாத மாதிரி இருந்துவிட்டோம். ஒரே ஒரு நாள். ஏழு வருஷமாக எத்தனையோ நாள் ஒன்றும் ஆகவில்லை, அந்த ஒரு நாளிலா ஆகிவிடப் போகிறது. ஆகிவிடாது. அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன். நினைப்பு நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

"இப்ப காலு. மேல தூக்கி இந்த ஸ்டூல்ல வைங்க." வலது காலை வைத்தேன். குதிகாலில் பட்டபோது இளஞ்சூடு இல்லை, குத்தியது, எறும்பு கடிக்கிற மாதிரி. வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. காலிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தொடை, அப்புறம். அப்படி ஏறாது என்று தெரியும். தெரிந்தும் அது ஏறுவதை என்னால் பார்க்க முடிந்தது, பச்சையாக, ஒரு கோடு மாதிரி. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டேன். எண்ணெய்க் கை. முந்தாநாள் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் அந்த மாத்திரையின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கை கால் சரியாக வளராமல் போகலாம் என்று போட்டிருந்தது. விரல்கள், தலை எலும்பு என்றெல்லாம் போட்டிருந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் விரல்தான் கண்ணில் படுகிறது. நைட்டி எடுக்க வந்த ஒருத்தியின் இடுப்பில் இருந்த குழந்தை ஹேங்கரைப் பிடித்து இழுத்தது, ஐந்து விரலும் மடங்கி. நான் எண்ணினேன். யாருடைய குழந்தையோ, நான் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவேளை இல்லாமலே இருக்கலாம். ஒன்றுமே இருக்காது, வெறும் நாள் தள்ளல், நாளைக்கே வந்துவிடும். அப்படி நினைத்தால் பயம் போகவேண்டும் அல்லவா. போகவில்லை. அது இன்னொரு பயமாக வந்து நிற்கிறது. இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம், இரண்டுக்கும் நடுவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிடலாம். சொன்னால் சிஸ்டர் திட்டுவார், கேட்டப்ப ஏன் இல்லேன்னு சொன்னீங்க என்பார். டாக்டர் அதைவிட, விளையாட்டு இல்லேன்னு சொன்னனே என்பார். கலைச்சிரலாம் என்று சொல்லிவிட்டால். அந்த வார்த்தையை நான் அதுவரை நினைக்கவே இல்லை, வேறு எல்லாவற்றையும் நினைத்தேன், அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சொல்லாவிட்டால் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் எத்தனை நாள். வயிறு சொல்லிவிடாதா. "வலது கால் முடிஞ்சுது, இடது கால் மட்டும்தான் பாக்கி" என்றார் சிஸ்டர், ஸ்டூலை இழுத்துச் சரிசெய்துகொண்டே. என் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. "என்னம்மா, எரியுதா?" "இல்லீங்க." மறுபடியும் அதே இல்லீங்க. அதைக் கேட்டதும் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. "சிஸ்டர், மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க. மாசமா இருக்கீங்களான்னு கேட்டீங்கல்ல. தெரியலீங்க. எனக்குத் தெரியலீங்க."

உறுமல் நின்றது. நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. சிஸ்டர் என் கண்ணாடியைக் கழற்றினார், அறை முழுக்க ஒரேயடியாக வெள்ளையாகிக் கண் கூசியது. திட்டவில்லை. "எத்தனை நாள் தள்ளியிருக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வருகிற வழியிலேயே சொல்லியிருப்பார், டாக்டர் நளாயினி உள்ளே வந்ததும் சிஸ்டரின் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "கடைசி மாத்திரை எப்ப?" "ஆடிக்கு முந்தின ஞாயிறுங்க." "அதுக்கப்புறம் ஒண்ணுகூட எடுக்கல?" "இல்லீங்க டாக்டர், சத்தியமா." "சேர்ந்தது எப்ப?" தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது, அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல் என் காலைப் பார்த்தேன், எண்ணெயில் பளபளவென்று சிவந்து கிடந்தது. "லேசர் எவ்வளவு தூரம் உள்ள போகும் டாக்டர்?" என்று கேட்டேன், எனக்கே சம்பந்தமில்லாத மாதிரி. "லேசரா? அது தோலோட நின்னுரும் கோகிலவாணி. வயித்துக்கு அதால ஒண்ணும் இல்ல. மாசமா இருக்கிறவங்களுக்கும் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். அதை விடுங்க. முதல்ல இருக்கா இல்லையான்னு பார்ப்போம்." ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். சிஸ்டர் என்னைக் கழிவறை வரைக்கும் கூட்டிப்போனார், பாதத்தில் எண்ணெய் என்பதால் வழுக்கிவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு. உள்ளே அந்தப் பட்டையைப் பார்க்காமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்து டாக்டரிடம் அப்படியே நீட்டினேன். அவர் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். "ரெண்டு கோடு." ஏழு வருஷம் அந்த இரண்டு கோட்டுக்காக எத்தனை பட்டையைப் பார்த்திருப்பேன். இப்போது நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். "கலைக்கணுங்களா டாக்டர்?" கேட்டுவிட்டேன். டாக்டர் பட்டையை மேசைமேல் வைத்தார். அந்த இடைவெளியில் நான் என்னென்னவோ ஆகிவிட்டேன். "நான் அப்படிச் சொல்லலையே. கேளுங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே உண்டாயிருந்தா அது வேற. நீங்க நிறுத்தி ஒண்ணரை மாசத்துக்கு மேல ஆனப்புறம்தான் உண்டாயிருக்கு. மூணு மாசம்னு நாங்க சொல்றது முன்ஜாக்கிரதைக்கு. அதுக்கு முன்னாடியே உண்டாகி நல்லா பெத்தவங்க நிறைய பேர் இருக்காங்க. அதுக்காக ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்கவும் முடியாது. ஸ்கேன் பார்க்கணும், ஒண்ணு இல்ல, பல தடவை பார்க்கணும். நான் பிரசவ ஆஸ்பத்திரி லேடி டாக்டர்கிட்ட இப்பவே பேசறேன், நாளைக்குக் காலைல அங்க போங்க. ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடறீங்கல்ல, அதை மட்டும் விட்றாதீங்க. இன்னைக்கு எதையும் முடிவு பண்ணாதீங்க, ஃபோன்ல எதையும் தேடாதீங்க." ஃபோனை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எல்லாரும் அதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று சிஸ்டர் கேட்டார். தலையாட்டினேன். வந்தார், கைப்பை இன்னும் அதே மாதிரி நெஞ்சோடு. என் முகத்தைப் பார்த்ததும், "என்ன, சுட்டுருச்சா?" என்று சிஸ்டரிடம் ஒரு மாதிரியாகக் கேட்டார். சிஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார், டாக்டர் ஃபோனோடு ஏற்கெனவே போய்விட்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நல்ல சேதியை முதலில் சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும், அப்புறம் மிச்சத்தைச் சொல்லி அந்த முகத்தை நானே கெடுக்கவேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொன்னேன், "மாமா, உண்டாயிருக்குது, ஆனா மாத்திரை விட்டு மூணு மாசம் ஆகல." அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சதுர்த்திக்கு மறுநாள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும், காது வரைக்கும் சிவந்தது. அப்புறம் மெதுவாக சிஸ்டரின் ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன், சொல்லும்போது நடுநடுவே விட்டுப்போனது, திரும்பிப் போய்ச் சொன்னேன், நிறைய பேர் நல்லா பெத்திருக்காங்களாம் என்பதை இரண்டு தடவை சொன்னேன், எழுதிக் குடுக்க முடியாது என்றதையும் விடவில்லை. அவருக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. "எனக்குப் பயமா இருக்குது கோகிலா" என்றார். "எனக்கும்" என்றேன். "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம். ஸ்கேன் பார்த்துட்டு சொல்லிக்கலாம்." "சரி." "நாளைக்கு லீவு போட்டுடறேன். நீயும் போட்டுடு." "சரி." அவ்வளவுதான் பேசினோம். பயம் குறைந்ததா என்று என்னையே தொட்டுப் பார்த்தேன். குறையவில்லை. அடுத்த ஸ்கேன் வரைக்கும், அதற்கடுத்த ஸ்கேன் வரைக்கும், பிறந்து விரல்களைப் பார்க்கிற வரைக்கும் இது இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இத்தனை நாளாக இதை மூடிக்கொண்டு நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் கதவைத் தட்டிவிட்டு வந்தார். இடது காலை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா, அலைச்சலாக இருக்கும், உங்கள் இஷ்டம் என்றார். யோசித்தேன். நாளைக்கு அந்த ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். அதற்கப்புறமும் எவ்வளவோ நிற்கவேண்டியிருக்கும், இந்தக் காலில்தான் நிற்கவேண்டும். "இன்னைக்கே பண்ணிடுங்க சிஸ்டர்" என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போகப் பார்த்தார், சிஸ்டர் மேசை டிராயரிலிருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினார். என் இடது காலை நானே தூக்கி வைத்தேன்.